பின்பக்கத்து வலது முறுக்கி

எங்கே தொடங்கினாலும் நான் இதைத் தப்பாகத்தான் சொல்லிவிடுவேன். பூசையிலிருந்து தொடங்கினால் சாமி மேல் பழி போடுகிற மாதிரி ஆகும். பாலத்திலிருந்து தொடங்கினால் நடேசன் முகம் வந்து முன்னால் நிற்கும், அதற்குமேல் வாய் வராது. கொக்கியிலிருந்து தொடங்கினால் அது ஊரே சொல்லுகிற கதை, அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு சொல்லிலிருந்து தொடங்க வேண்டும், அந்தச் சொல்லைச் சொன்னது நான், ஆனால் அதை முதலில் வைத்தால் கேட்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், மற்றதைக் கேட்க மாட்டார்கள். "ஏம்புள்ள, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு என்ன நெனப்பு? அஞ்சு சுத்துன்னனே, சுத்துனியா?" என்று என் வீட்டுக்காரர் கூண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார். சுத்தினேனா, நாலா ஐந்தா, தெரியவில்லை. "சுத்தியாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். இதே மாதிரிதான் அன்றைக்கும் சொன்னேன். வாசல் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற என் கொழுந்தன் நடேசன், "நாலுதாங்க அண்ணி, இன்னொண்ணு சுத்துங்க. எண்றதுக்குத்தான என்னைய இங்க உக்கார வெச்சிருக்குது" என்றான். அவன் எண்ணியிருக்கிறான். நான் இன்னொரு சுத்துச் சுத்தினேன். கூண்டு என் பக்கம் ஒரு விரல் உயர்ந்தது. கூண்டு என்றால் எங்கள் கடை. இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த அறை, ஏழடி நீளம், உள்ளே நான் நிமிர்ந்து நிற்கலாம், என் வீட்டுக்காரர் குனிய வேண்டும். அடுப்பு, தோசைக்கல், பாத்திரம் வைக்கப் பலகை எல்லாம் உள்ளேயே. வியாழக்கிழமைச் சந்தைக்கு மட்டும் அது எங்கள் சின்ன லாரியில் ஏறும். மற்ற நாளெல்லாம் லாரி தேங்காய் லோடுக்குப் போய்விடும், கூண்டு வாசலில் நாலு மூலைக்கும் நாலு திருகு கால் மேல் நின்றுகொண்டிருக்கும். சந்தைக்குப் போக வேண்டுமென்றால் நாலு காலையும் சுத்திச் சுத்திக் கூண்டை உயர்த்த வேண்டும், அடியில் லாரியைப் பின்னால் விட வேண்டும், பிறகு மெல்ல இறக்க வேண்டும். ஒரு மூலைக்கு ஐந்து சுத்து, அடுத்த மூலைக்கு ஐந்து சுத்து, திரும்ப முதல் மூலை. ஒரு மூலை முந்திக்கொண்டால் கூண்டு சாயும். மூன்று மாதம் அது ஏறவில்லை. புரட்டாசியில் இறங்கியது, இப்போது தை. இன்றைக்குத்தான் மறுபடி ஏறுகிறது. ஏறி, அரை மைலில் ஆசாரி பட்டறை முன்னால் நிற்கும். நின்றதும் நான் சொல்ல வேண்டும்.

ஆசாரி சொல்லியனுப்பியிருக்கிறார். போலீசு வேண்டாம், சங்கம் வேண்டாம், அந்த அம்மணி என் முன்னால் நின்று அன்றைக்கு நடந்ததை ஒருதரம் சொல்லட்டும், அந்த அம்மணி சொன்னால் என் வேலைதான் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன் என்றாராம். ஏன் என்னைக் கேட்கிறார்? நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நினைக்கிறாரா, இல்லை எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைக்கிறாரா, இரண்டும் வேறு வேறு. எனக்குச் சொல்லவே வராது என்பது அவருக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தை ஆடு தின்றுவிட்டது. யாருடைய ஆடு, எந்தச் சன்னல் வழியாக வந்தது, முதலில் கடலைத் தின்றதா நாட்டைத் தின்றதா, எல்லாம் நான் ஒருத்திதான் பார்த்தேன். வாத்தியார் "மொதல்ல இருந்து சொல்லு" என்றார். முதலில் நடந்தது நான் கதவைத் திறந்தது. பெருக்குவதற்காகத் திறந்தேன், அது என் முறை. அதனால் "நான் கதவத் தொறந்தேனுங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. ஆடு சன்னல் வழியாகத்தான் வந்தது, கதவுக்கும் ஆட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அதைச் சொல்வதற்குள் இரண்டு கையும் வீங்கிவிட்டது. அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. எங்கள் அப்பாவுக்கு எருமை மேய்க்க ஆள் வேண்டியிருந்தது, அவர் ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வாத்தியார் மேல் கோபம்கூட இல்லை. முதலில் இருந்து சொல்லு என்றார், நானும் சொன்னேன். நான் என்று ஆரம்பித்தால் அந்த நானையே பிடித்துக்கொள்கிறார்கள். இதுவும் அப்படித்தான். முதலில் நடந்தது நான் கம்பியை அவிழ்த்தது. ஆனால் இங்கே கதவு வழியாகத்தான் ஆடு வந்தது. அதுதான் வித்தியாசம். இங்கே சன்னல் இல்லை.

"செரி, போதும், ஒசந்துருச்சு. நான் வண்டிய எடுக்கறேன். நீ அடியில போயி நிக்காத" என்று என் வீட்டுக்காரர் லாரியில் ஏறினார். அடியில் நான் ஏன் போகிறேன். அன்றைக்கு முதல் நான் கூண்டின் நிழலைக்கூட மிதிப்பதில்லை. உள்ளே எல்லாவற்றையும் மூன்று தரம் பார்த்துவிட்டேன், தண்ணீர் டிரம் காலியாக இருக்கிறதா, சிலிண்டர் முன்பக்கச் சுவரோடு சங்கிலியில் இருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா. கனமெல்லாம் முன்னால் இருக்க வேண்டும், டிரைவர் முதுகை ஒட்டி. பின்னால் கனம் போனால் வண்டி மூக்கைத் தூக்கும், மேட்டில் ஏறும்போது கூண்டு பின்னால் நழுவப் பார்க்கும். இதெல்லாம் ஆசாரி சொல்லிக் கொடுத்தது. கூண்டை அடித்ததும், லாரியில் கொக்கிகளை வெல்டிங் வைத்ததும் அவர்தான். அடியில் ரப்பர் விரிப்பு போடச் சொன்னதும் அவர்தான், தகரத்தின் மேல் தகரம் வைத்தால் சோப்புக் கட்டி மாதிரி ஓடும் அம்மணி என்றார். சிலிண்டர் வாயை மூடினேனா? மூன்று தரம் பார்த்தேன். மூன்றாவது தரம் பார்த்தபோது மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டேனோ? "வரலாம், வரலாம், நேராத்தான் வருது, வரலாம்" என்று நடேசன் நாற்காலியிலிருந்தே கைகாட்டுகிறான். முன்பெல்லாம் லாரிக்குப் பின்னாலேயே ஓடுவான், பலகையைக் கையால் தட்டித் தட்டி. இப்போது ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டுகிறான். "அண்ணா, கொஞ்சம் உங்க சோத்துக் கைப்பக்கம் ஒடிங்க. இன்னும். ஆ, போதும். அண்ணி, அப்படிப் பாக்காதீங்க, பாத்தா மொளைக்காது." நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேனா, தெரியவில்லை. வேட்டியின் வலதுபக்கம் தரை வரைக்கும் தட்டையாகத் தொங்குகிறது. "நேத்து செருப்புக் கடைக்குப் போனனுங்க அண்ணி. ஒத்தைச் செருப்புக் குடுய்யான்னா சோடியாத்தான் தருவேங்கறான். இன்னொண்ணை என்ன பண்றது, சாமிக்குப் படைக்கறதா?" என்று சிரிக்கிறான். சிரிக்காமல் இருந்தால் நான் எங்காவது போய்விடுவேன், எங்காவது, பஸ் ஏறி, ஆனால் அவன் சிரிக்கிறான், அதனால் இங்கேயே நிற்கிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு எட்டு வயது. என் கையில்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வான். போன ஆவணியில் பெண் பார்த்து வைத்திருந்தோம். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், ஆப்பிள் வாங்கிவந்தார்கள், பிறகு வரவில்லை.

லாரி அடியில் போய்விட்டது. இப்போது இறக்க வேண்டும். இறக்குவதுதான் மோசம், உயர்த்துகிறபோது கை வலிக்கும், இறக்குகிறபோது கைக்கு வேலையே இல்லாமல் கூண்டு தானாகத் தன் கனத்தைக் காட்டும். ஐந்து சுத்து. ஒன்று. அன்றைக்கு ஆயுத பூசை. புதன்கிழமை. இரண்டு. சாயங்காலமே கூண்டை லாரியில் ஏற்றியாயிற்று, மறுநாள் வியாழன், விடியக் கிளம்ப வேண்டும் என்று. நாலு மூலைச் சங்கிலியும் மாட்டி, முறுக்கியெல்லாம் அவர் முறுக்க, கம்பியும் நான் கட்டிவிட்டேன். முறுக்கி என்று நாங்கள் சொல்கிறது, சங்கிலிக்கும் லாரிக் கொக்கிக்கும் நடுவில் இருக்கிற இரும்பு, அதை நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். மூன்று. ஆசாரி அதற்கு ஏதோ இங்கிலீசுப் பேர் சொல்வார். ஓடுகிற அதிர்வில் அது தானாக அவிழ்ந்துகொள்ளும், அதனால் முறுக்கிய பிறகு ஒரு கட்டுக்கம்பியை அதன் நடுவில் விட்டுச் சங்கிலியோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும், கம்பி இருக்கிற வரைக்கும் முறுக்கி அசையாது. நாலு. வண்டியைக் கழுவிவிட்டேன். சந்தனம் வைத்தேன், சக்கரத்துக்கு, விளக்குக்கு, கூண்டின் கதவுக்கு, திருகு கால்களுக்கு. நமக்குச் சோறு போடுகிறது எதுவோ அதற்கெல்லாம் வைக்க வேண்டும். முறுக்கிக்கும் வைக்கலாம் என்று தோன்றியது. பின்பக்கத்து வலது முறுக்கி, வாசலைப் பார்த்து இருக்கிறது, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிறது அதுதான். துருவும் மண்ணும் அப்பியிருந்தது. இதுக்கு எப்படிப் பொட்டு வைப்பது? கம்பியைக் கட்டிங் பிளேயரால் அவிழ்த்தேன். துணியால் துடைத்தேன். மரையில் நல்லெண்ணெய் விட்டுத் தேய்த்தேன், அப்படியே வெள்ளி மாதிரி வந்தது, எனக்கு அவ்வளவு சந்தோசம். பொட்டு வைத்தேன், பூச் சுற்றினேன். "அண்ணி, அஞ்சு ஆயிருச்சுங்க, அடுத்த மூலைக்குப் போங்க." அடுத்த மூலை. ஒன்று. மற்ற மூன்றும் செய்யலாமென்று பார்த்தால் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார், பூசைக்கு நேரமாயிற்று, சாமான்களைக் கொண்டு வா என்று. கையிலிருந்த கட்டிங் பிளேயரையும் சுத்தியலையும் ஸ்பேனரையும் இலையில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு. வைத்துச் சூடம் காட்டிவிட்டால் மறுநாள் பூசை செய்து எடுக்கிறவரைக்கும் தொடக் கூடாது. மூன்று. கம்பியைத் திரும்பக் கட்டவில்லை என்பது எனக்குப் படுக்கப் போகும்போது ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஞாபகம் வந்தது. கட்டிங் பிளேயர் சாமிக்கு முன்னால் இருந்தது. நடேசன் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு வைத்த பூசை, அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. எண்ணெய் விட்டுப் பொட்டு வைத்தது, அது என்ன ஒரு நாளில் அவிழ்ந்துவிடுமா, சந்தையிலிருந்து வந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலு. விடியற்காலையில் அவர் லாரியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார், "கம்பியெல்லாம் பாத்தாச்சா?" நான் சொன்னேன், "ஆச்சு." ஐந்து.

கூண்டு உட்கார்ந்துவிட்டது. லாரி ஒரு தரம் பெருமூச்சு விட்ட மாதிரி தாழ்ந்து நின்றது. வழியில் ஆசாரி பட்டறை முன்னால் எப்போதும் நிறுத்துவோம். முதல் அரை மைல் ஓடினால் சங்கிலி கொஞ்சம் தளரும், அங்கே நிறுத்தி நாலையும் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போங்க என்பது அவர் சட்டம், அவரே வந்து பார்ப்பார், காசு வாங்க மாட்டார், ஒரு டீ குடிக்கச் சொல்வார். அன்றைக்குப் பட்டறை சாத்தியிருந்தது. கதவில் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு. மறுபூசை போடாமல் அவர் திறக்க மாட்டார். என் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போய்விட்டார். நிறுத்தியிருக்கலாம். ஆசாரி இல்லாவிட்டால் என்ன, அவரே இறங்கிப் பார்த்திருக்கலாம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது இருக்கிறது, சாப்பிடும்போது அது இருக்கிறது, படுக்கும்போது இருக்கிறது. பிறகு ரயில் பாலம். மேடு ஏறி உச்சியில் ஒரு வேகத்தடை. டக்கென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் கிழிகிற மாதிரி இன்னொரு சத்தம். வலதுபக்கச் சங்கிலி தளர்ந்து தொங்கியதும் கனம் முழுக்க இடதுபக்கக் கொக்கிக்குப் போய், அந்தக் கொக்கி வெல்டிங்கோடு பிய்த்துக்கொண்டது, கூண்டு பின்னால் திரும்பி இறங்கியது. பின்னால் மொபெட்டில் சாம்பார் அண்டாவைக் கட்டிக்கொண்டு நடேசன் வந்துகொண்டிருந்தான். நான் கண்ணாடியில் பார்த்தேன். முதலில் சாம்பார்தான் தெரிந்தது, ரோடெல்லாம், எவ்வளவு சாம்பார் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் முதலில் நினைத்தேன். இதையெல்லாம் எப்படிச் சொல்வது.

"வா, சங்கிலியப் புடி" என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். இப்போது கொக்கிகள் வேறு ஊரில் வைத்தது. புதிதாகக் கறுப்பாக இருக்கிறது. அவர் முன் இடதை முறுக்கினார், முன் வலதை முறுக்கினார், ஒவ்வொன்றையும் முறுக்கிவிட்டுச் சங்கிலியைத் தட்டிப் பார்த்தார். நான் பின்னாலேயே கம்பியும் கட்டிங் பிளேயருமாகப் போனேன். கம்பியை நடுவில் விட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து ஆறு முறுக்கு, பிறகு நுனியை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும், யார் கையிலும் குத்தாமல். நாலாவது, பின் வலது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை வயிற்றில் குத்தியது. அதற்குள் அந்தக் கம்பி இருக்கிறது. பழைய கம்பி. அன்றைக்கு அவிழ்த்ததை எறியாமல் பூசை அலமாரியில் குங்கும டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன், திரும்பக் கட்டலாம் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் எடுத்தேன். வளைவு வளைவாக, ஒரு பக்கம் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதை எங்கே போடுவது? சாக்கடையில் போட்டால் சாக்கடை வாரும்போது வந்துவிடும், அடுப்பில் போட்டால் வேகாது, குப்பையில் போட்டால் கோழி கிளறும். ஒரு கம்பியைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக இடுப்பிலேயே இருக்கிறது. "கட்டியாச்சா?" என்று அவர் கேட்டார். என் தலைக்கு மேல் நின்றிருந்தார். எனக்கு அந்த நிமிசம் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "ஏனுங்க, அன்னைக்கு இந்த ஒண்ணுக்குக் கம்பி இல்லீங்க. பூசைக்கு நாந்தான் அவுத்தேன்." சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா? எட்டு ஒன்பது சொல்தான். கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கால் இரண்டும் என் பக்கத்திலேயே நின்றன, நகரவில்லை. விரல் இடுக்கில் மண். நாற்காலியில் நடேசன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்டிருக்காது. அவர் குனிந்து, காதுக்குப் பக்கத்தில், திட்டுகிற குரல்கூட இல்லை, சந்தைக்கு எவ்வளவு மாவு என்று சொல்லுகிற குரலில் சொன்னார்: "அங்க சொல்லாத." பிறகு, "அவங்கிட்ட அத எப்படிச் சொல்லுவே. நீ ஊட்டி வளத்தவன்." பிறகு, "நானும் நிறுத்துல." அவ்வளவுதான். எழுந்துபோய்த் திருகு கால்களை மேலே ஏற்றி, இறங்காமல் இருக்க இரும்பு ஊசி செருக ஆரம்பித்துவிட்டார். அவருக்கு முன்பே தெரியுமா? முறுக்கி வெறுமனே அவிழ்ந்து கிடந்ததை அன்றைக்கு ரோட்டில் பார்த்தவர் அவர்தானே. கம்பி அறுந்து கிடந்ததா, கம்பியே இல்லையா என்று அவர் பார்க்காமலா இருந்திருப்பார். மூன்று மாதம். நான் ஆறு முறுக்கு முறுக்கினேன். ஏழாக முறுக்கினேன்.

முன் சீட்டில் மூன்று பேரும். நடேசன் நடுவில், ஊன்றுகோல் என் மடியில். வண்டி பத்து மைல் வேகத்தில் போகிறது, பனி இன்னும் விலகவில்லை, எதிரில் பால் வண்டி வந்தது. ஒவ்வொரு குழிக்கும் என் முதுகு பின்னால் போய்க் கூண்டைத் தொட்டுப் பார்க்கிறது. சத்தம் வருகிறதா. வந்தால் எந்தச் சத்தம். "அண்ணி, ஆசாரி மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டுறாதீங்க" என்றான் நடேசன். "எம்மேல சத்தியமா எனக்கு அந்தாளு மேல ஒரு கோவமும் இல்ல. ஆனா நாந்தான் பண்ணுனேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லிட்டா எனக்குத் தூக்கம் வந்துரும். யாரு பண்ணுனதுன்னே தெரியாம ஒரு காலு எப்படிப் போகுங்க?" என் வீட்டுக்காரர் கியரை மாற்றினார். அவன் கேட்பதில் என்ன தப்பு? ஒரு பேர் கேட்கிறான். அவன் பக்கத்தில், அவன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டு, அந்தப் பேர் உட்கார்ந்திருக்கிறது. நான் சொல்லிவிட்டால் தூங்குவானா? என் கையால் தின்ற சோறெல்லாம் அவனுக்கு என்ன ஆகும்? இருபத்தாறு வருசத்துச் சோறு. ஆசாரி பெண்டாட்டியை ரேசன் கடையில் பார்த்தேன், போன வாரம். கட்டின வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்கிற மாதிரிதான் சொன்னாள், "அந்தக் கொக்கிய மேசை மேல வெச்சுட்டு அதையேதான் பேசறாருங்க. வெல்டிங் ராடு ஈரமா இருந்திருக்குமோங்கறாரு, கரண்டு கம்மியா வந்துச்சோங்கறாரு. சோறு ஆறிப்போகுது." சந்தை வண்டிக்காரர்கள் யாரும் இப்போது அவரிடம் நிற்பதில்லை. காலெடுத்த பட்டறை என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பை ஓட்டையாக இருந்தது, வீடுவரைக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

வண்டி நின்றது. பட்டறை திறந்திருந்தது, உள்ளே சத்தமே இல்லை. எப்போதும் நாலைந்து வண்டி நிற்கிற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வாசலில் பழைய இரும்புக் குவியல், வளைந்த கம்பி, பட்டை, ஆணி, துரு. ஆசாரி வெளியே வந்தார். கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தார். இளைத்துவிட்டார். சீட்டிலேயே இருந்த நடேசனைப் பார்த்துக் கும்பிட்டார், நடேசன் திரும்பக் கும்பிடவில்லை, ஆனால் தலையை ஆட்டினான். நான் ஊன்றுகோலோடு இறங்கினேன். என் வீட்டுக்காரர் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். "வாங்க அம்மணி" என்றார் ஆசாரி. "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எங்கொக்கி பிஞ்சுது, வாஸ்தவம், எடுத்து வெச்சிருக்கறேன். ஆனா அது தனியாப் பிய்யறதுக்கு ஞாயமில்லீங்க. நாலு முறுக்கியும் இறுக்கமா இருந்தா ஒரு கொக்கிக்கு அவ்வளவு கனம் வராது. அன்னைக்கு நாலுக்கும் கம்பி இருந்துதுங்களா? நீங்கதான் கட்டுவீங்க. நீங்க சொன்னாப் போதும், எனக்கு வேற சாச்சி வேண்டாம்." இவ்வளவு நேரடியாகக் கேட்பாரென்று நான் நினைக்கவில்லை. முதலிலிருந்து சொல்லு என்று கேட்பார், நான் தடுமாறுவேன், தப்பாகச் சொல்வேன், தப்பாகச் சொல்லும்போது உண்மை எப்படியாவது வெளியே வந்து விழுந்துவிடும் என்று எங்கோ நம்பிக்கொண்டிருந்தேன். இது ஒரு சொல்லுக்கு உரிய கேள்வி. இருந்தது, இல்லை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஊன்றுகோல் இன்னும் என் கையில்தான் இருந்தது, அதை இறுக்கிப் பிடித்தேன். "எனக்கென்னங்க தெரியும்" என்றேன். "நான் அஞ்சாவது கூட முழுசாப் படிக்காதவ. இறுக்குனது தளந்தது எல்லாம் எனக்கு எங்கீங்க புரியுது. கட்டுன்னா கட்டுவேன்." ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. என் வாழ்நாளில் எதையும் இவ்வளவு சரளமாக, தப்பில்லாமல் நான் சொன்னதில்லை. ஆசாரி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எங்கைதான்" என்றார். "ஈர ராடாத்தான் இருந்திருக்கும். செரிங்க தம்பி, நாந்தான்." நடேசன் கண்ணை மூடிக்கொண்டான். அழுகிறானோ என்று பார்த்தேன், அழவில்லை, ரொம்ப நேரம் தூக்கிவந்த சுமையை இறக்கிவைத்தவன் முகம் மாதிரி இருந்தது.

கிளம்பியிருக்கலாம். ஆனால் ஆசாரிக்குக் கால் பழக்கம் போகவில்லை, நேராக வண்டியைச் சுற்றி நடந்தார், நாலு முறுக்கியையும் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்த்தார். பின் வலதில் நின்றார். "இந்தச் சங்கிலி தளந்திருக்குதுங்க. புதுக் கொக்கி, உக்காருது" என்று நான் கட்டிய கம்பியை வெட்டிப் போட்டுவிட்டு, முறுக்கியை அரைச் சுத்து முறுக்கினார், சங்கிலி விண்ணென்று நின்றது. குனிந்தபடியே பின்னால் கையை நீட்டினார். "கம்பி குடுங்க அம்மணி." அந்தக் கை என் முன்னால் நீண்டிருந்தது, தீப்பொறி பட்ட புள்ளி புள்ளியாக. ஊன்றுகோலை வண்டிக்குள் வைத்துவிட்டு எடுத்த புதுக் கம்பிச் சுருள் என் வலது கையில். இடது கை தானாகச் சுருக்குப்பைக்குள் போயிருந்தது, விரலில் அந்த வளைவுகள், காய்ந்த சந்தனம். அதை அந்தக் கையில் வைத்தால் போதும், ஒன்றும் பேச வேண்டியதில்லை. அவர் பார்ப்பார், சந்தனத்தைப் பார்ப்பார், பூசைக்கு மறுநாள் என்று கணக்குப் போடுவார், அவருக்குத் தெரிந்துவிடும். நான் புதுக் கம்பியில் ஒரு முழம் வெட்டி வைத்தேன். அவர் கட்டினார். ஆறு முறுக்கு, நுனியை உள்ளே மடக்கினார், என் தலையில் இடிக்காமல் எழுந்தார். "இனி ஒண்ணும் ஆகாது. பாலத்துல மெதுவாப் போங்க" என்றார். என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறினார். நான் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனேன். இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, சுருக்குப்பையிலிருந்ததை எடுத்து விட்டேன். வளைந்த கம்பிகளுக்கு நடுவில் இன்னொரு வளைந்த கம்பி. விழுந்த சத்தம்கூட வரவில்லை. கட்டைவிரல் நகத்துக்குள் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது, அதைச் சேலையில் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.